படுவான்கரைக்கு ஒரு கிளைடர் களம்: அரசாங்க அதிபர்களுக்கும் விமான சேவை அதிகாரிகளுக்கும் திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் அரசாங்க அதிபர்கள், பிரதேச செயலாளர்கள், சிவில் விமான சேவைகள் அதிகாரசபை அதிகாரிகள் ஆகியோருக்கு வணக்கம்.

இயந்திரமில்லாமல் பறக்கும் கிளைடருக்கு எங்கள் பகுதியில் ஒரு களம் வேண்டும் என்று கேட்டு இந்த மடலை எழுதுகிறோம். கிளைடரைத் தெரிந்தவர்கள், இந்த மண்ணையும் காற்றையும் தெரிந்தவர்கள் சேர்ந்து எழுதுவது இது. களம் வேண்டும் என்று சொல்வதைவிட அது எங்கே, எப்படி அமைய வேண்டும் என்று சொல்வதுதான் எங்களுக்கு முக்கியம். கடற்கரையோரம் ஒரு காணியைப் பிடித்து, வேலி போட்டு, தார் போட்டு, கட்டடம் எழுப்பித் திறப்புவிழா வைத்தால் அங்கே கிளைடர் பறக்காது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், மழையை நம்பிய மேட்டு நிலத்தில், வெறும் புல்தரையாக, மாடு மேய்வதை நிறுத்தாமல் அமைத்தால் பறக்கும். செலவும் அதில்தான் குறைவு.

காற்றிலிருந்து தொடங்குகிறோம், மற்ற எல்லாம் அதைப் பொறுத்தே வருகின்றன.

கிளைடர் உயரே நிற்பது நிலம் சூடாகி மேலே எழும் ஏறுகாற்றால். கடலோரத்தில் அது கிடைப்பது அரிது. காலை ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு கடற்காற்று உள்ளே வரத் தொடங்கியதும் குளிர்ந்த, ஈரமான காற்றுப் படை நிலத்தின்மேல் விரிந்து படுத்துவிடும். கல்லடியிலும் கல்முனையிலும் நிற்பவருக்கு அது சுகம். கிளைடருக்கு அது மேலே வழியை அடைத்த மூடி. ஒரு கணக்கைப் பாருங்கள். நிலமட்ட வெப்பநிலைக்கும், காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் பனிபடு நிலைக்கும் உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்கினால் முகில் அடி ஏறத்தாழ எத்தனை மீற்றரில் நிற்கும் என்பது வரும். கரையில் வெப்பநிலை 31 பாகை, பனிபடு நிலை 25 பாகை என்று வைத்தால் 750 மீற்றர். உள்ளே தென்மேற்குக் கச்சான் காற்று வீசும் நாளில் 36 பாகையும் 20 பாகையும் என்றால் 2000 மீற்றர். ஒரே நாளில், ஒரே மாவட்டத்துக்குள், சில பத்துக் கிலோமீற்றர் தூரத்தில் இந்த வித்தியாசம் வரக்கூடும்.

கச்சானைப் பற்றி எங்கள் விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது அமுங்கிச் சூடாகி, உலர்ந்து வருகிறது. மே முதல் செப்டெம்பர் வரை அதுதான் எங்கள் கோடை. பயிரையும் ஆளையும் வாட்டும் அந்தக் காற்றே கிளைடருக்கு நல்ல காலம். பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று உள்ளே தள்ள, மேற்கிலிருந்து கச்சான் எதிரே தள்ள, இரண்டும் முட்டும் கோட்டில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. கரைக்குச் சமாந்தரமாக வடக்குத் தெற்காக நீளும் அந்தக் கோட்டைப் பிடித்தால் வட்டமிடாமலே நேராகப் பறந்தபடி உயரம் எடுக்கலாம். உலகின் பல களங்களின் கிளைடர்கள் இப்படிப்பட்ட ஒரு கோட்டைத் தேடி வெகுதூரம் போகின்றன. எங்களுக்கு அது வயல்வெளிக்கு மேலேயே கிடைக்கும்.

ஆனால் அதே கோடு நிலத்தில் ஆபத்து. அது களத்தைக் கடக்கும்போது காற்றின் திசை சில நிமிடங்களில் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். வின்ச் என்பது களத்தின் முனையில் நின்று நீண்ட கம்பியைச் சுற்றி இழுத்துக் கிளைடரை மேலே ஏற்றும் இயந்திரம். மேற்குக் காற்றுக்கு வைத்த வின்ச்சில் கிழக்குக் காற்று வந்த பின்னும் இழுத்தால், கிளைடர் பின்காற்றில் ஓடும். தரையை விட்டு எழ நேரமாகும், இறக்கை நுனியைச் சமனாக வைத்திருக்கும் கட்டுப்பாடு தாமதமாகவே வரும், உயரமும் குறையும். அதனால் திசை காட்டும் காற்றுப்பை களத்தின் இரு முனைகளிலும் இருக்க வேண்டும். கிழக்கு முனைப் பை திரும்பிவிட்டது, மேற்கு முனைப் பை இன்னும் திரும்பவில்லை என்றால் ஏவுதலை நிறுத்த வேண்டும். வின்ச்சை மறுமுனைக்குக் கொண்டுபோய் மீண்டும் கம்பி இழுத்துத் தொடங்க அரை மணி நேரமாவது பிடிக்கும். அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர் அந்தக் களத்துக்குப் பொறுப்பாக இருக்கக் கூடாது.

களத்தின் திசையும் இதிலிருந்தே வருகிறது. கச்சான் தென்மேற்கிலிருந்து, வாடையும் கடற்காற்றும் வடகிழக்கு, கிழக்கிலிருந்து. மட்டக்களப்பு விமான நிலைய ஓடுபாதை 06/24 என்று, அதாவது 60 பாகை, 240 பாகை நோக்கிக் கிடப்பது இதனால்தான் பொருத்தமாக இருக்கிறது. கிளைடர் களமும் ஏறத்தாழ அதே திசையில் கிடக்க வேண்டும். காணியின் எல்லை வசதிக்காக வடக்குத் தெற்காகப் போட்டுவிட்டால், பறக்கக்கூடிய மாதம் முழுதும் பக்கக்காற்றில் போராட வேண்டிவரும்.

அடுத்தது எந்த நிலம் என்பது. உன்னிச்சைக் குளத்தின் கீழும் கல்லோயாத் திட்டத்தின் கீழும் சிறுபோகத்தில் தண்ணீர் பாயும் வயல் வட்டைகள் பச்சையாக இருக்கும். அவற்றின் மேல் வெயிலின் சூடு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும், ஏறுகாற்று சோர்ந்துவிடும். மழையை நம்பிய வயல்களோ பெரும்போக வேளாண்மை வெட்டிய பிறகு ஒட்டுத்தாளோடு காய்ந்து கிடக்கும். நண்பகலில் அங்கேதான் பருந்துகள் வட்டமிடும். களம் அந்தப் பக்கம் இருக்க வேண்டும். நீர்ப்பாசன வயலை ஒருபோதும் கேட்க வேண்டாம். அது வேளாண்மைக்குரியது, கிளைடருக்கும் உதவாது.

அளவு: நீளம் 1200 மீற்றர், அகலம் 150 மீற்றர். அது 18 ஹெக்டேயர், ஏறத்தாழ நாற்பத்து நாலரை ஏக்கர். இந்த நீளத்தைக் குறைக்கச் சொல்லி எல்லா அலுவலகங்களிலும் கேட்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஏன் குறைக்கக் கூடாது என்றால், வின்ச்சில் கிடைக்கும் உயரம் கம்பியின் நீளத்தில் மூன்றில் ஒன்று முதல் ஐந்தில் இரண்டு வரை. ஆயிரம் மீற்றர் கம்பிக்கு சுமார் 400 மீற்றர் உயரம் என்று வையுங்கள். இறங்கும் சுற்றைத் தொடங்க 200 மீற்றர் மிச்சம் வேண்டும். ஆகவே ஏறுகாற்றைத் தேட 200 மீற்றர்தான் கையில் இருக்கிறது. விநாடிக்கு 0.8 மீற்றர் இறங்கும் பயிற்சிக் கிளைடருக்கு அது சுமார் 4 நிமிடம். களத்தைக் குறைத்துக் கம்பியை 750 மீற்றர் ஆக்கினால் உயரம் 300, தேடும் நேரம் 2 நிமிடம். நாலு நிமிடத்தில் ஒரு மாணவன் ஏறுகாற்றைக் கண்டுபிடித்து வட்டமிடப் பழகுவான். இரண்டு நிமிடத்தில் ஏறுவதும் இறங்குவதும் மட்டுமே பழகுவான், ஒரு வருடத்தில் அலுத்து விட்டுவிடுவான். கம்பி நீளத்துக்கு மேலுள்ள 200 மீற்றர் வீணல்ல: வின்ச், திரும்பும் இடம், நீட்டி இறங்கிவிட்டவருக்கான மிச்சம் எல்லாம் அதில்தான்.

முனையில் நிற்கும் மரமும் நீளத்தைத் தின்னும். ஏர்பிரேக்கை, அதாவது இறக்கையிலிருந்து எழும் தடுப்புத் தகட்டை, முழுதும் திறந்தால் பயிற்சிக் கிளைடர் ஏறத்தாழ ஏழு மீற்றர் முன்னே போக ஒரு மீற்றர் இறங்கும். வழக்கமாகப் பாதி திறந்து இறங்கும்போது பத்துக்கு மேல். 20 மீற்றர் பனை ஒன்று பாதையின் முனையில் நின்றால், அதைத் தாண்டி வருபவர் 200 மீற்றருக்கு மேல் இழந்துதான் தரையைத் தொடுவார். பனையை வெட்டச் சொல்லவில்லை, பனை இல்லாத முனையாகப் பார்த்து அளக்கச் சொல்கிறோம்.

மின்கம்பி விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. கிளைடர் வின்ச் கம்பியை விட்ட பிறகு அது சிறு பரசூட்டோடு இறங்கும். வின்ச்காரர் சுற்றி எடுத்துவிடுவார். ஆனால் நடுவில் அறுந்தால் அறுந்த துண்டு காற்றோடு சில நூறு மீற்றர் விலகி விழும். அது 11 அல்லது 33 கிலோவோல்ட் கம்பியில் விழுந்தால் மறுமுனையில் நிற்பவர் இறப்பார். நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 300 மீற்றருக்குள் உயரழுத்தக் கம்பி இருக்கும் காணியைத் தெரிவுப் பட்டியலிலேயே சேர்க்க வேண்டாம். களம் வந்த பிறகு புதிய கம்பி அந்தப் பக்கம் இழுக்கப்படாதபடி மின்சார சபைக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். வீடு கட்ட அனுமதி கொடுப்பதிலும் இதே கவனம் வேண்டும். இந்தியாவில் புனே நகரின் ஹடப்சரில் பல பத்தாண்டுகள் வின்ச் கொண்டு கிளைடர் பழக்கினார்கள். நகரம் வளர்ந்து அந்தக் களத்தை நாலாபுறமும் சூழ்ந்துகொண்டது.

தரையைப் பற்றி. தார் வேண்டாம். கொங்கிரீட்டும் வேண்டாம். வின்ச் கம்பி அதில் உரசித் தேயும், கிளைடரின் சறுக்குக் கட்டையும் இறக்கை நுனியும் தேயும், நண்பகலில் அதன் சூட்டில் யாரும் நிற்கவும் முடியாது. அறுகம்புல் போதும். வேர் மண்ணைப் பிடிக்கும், மாடு மேய்ந்தாலும் மீண்டும் துளிர்க்கும், கோடையில் காய்ந்தாலும் வேர் சாகாது. புல்லை 10 சென்ரிமீற்றருக்குள் வைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் வளர்ந்தால் ஏவும்போது தாழும் இறக்கை நுனி புல்லில் சிக்கி விமானம் தரையிலேயே சுழன்றுவிடும். இறக்கை தரையைத் தொட்டால் ஒரு கணமும் பாராமல் கம்பியை விட வேண்டும் என்று முதல் பாடத்திலேயே சொல்லிக்கொடுப்பது இதற்காகத்தான்.

மண்ணைச் சமன் செய்ய வருடத்தில் ஓரிரு கிழமைகள்தான் உண்டு. மாரி மழை தை மாதத்தோடு ஓய்ந்த பிறகு, மண் இறுகுவதற்கு முன். ஒரு பிடி மண்ணைக் கையில் உருட்டுங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். விரலில் ஒட்டினால் உருளை மண்ணை ஒட்டிக்கொண்டு கிளப்பும். உருளவே இல்லையென்றால் காலம் போய்விட்டது, எத்தனை தொன் உருளை போட்டாலும் மேடு மேடாகவே இருக்கும். அதற்கு முன் கறையான் புற்றுகளைத் தோண்டி அடிவரை எடுத்து, மண் போட்டு இடித்து நிரப்ப வேண்டும். மேலே தட்டி விட்டால் அடுத்த மாரியில் அதே இடத்தில் திரும்ப எழும், புல் மறைத்துவிடும், சில்லு அதில் அடிக்கும் வரை யாருக்கும் தெரியாது.

இப்போது மாடு. இந்த மடலை எழுதத் தூண்டியதே இதுதான்.

எங்கள் பகுதியில் மேய்ச்சல் தரைப் பிரச்சினை எவ்வளவு ஆழமானது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்களின் கோரிக்கைகள் உங்கள் மேசையிலேயே இருக்கின்றன. கிளைடர் களம் என்ற பெயரில் இன்னுமொரு மேய்ச்சல் துண்டு வேலிக்குள் போவதை நாங்கள் ஏற்கமாட்டோம். கிளைடருக்கு அது தேவையும் இல்லை. இங்கிலாந்தில் லோங் மிண்ட் என்ற மலைமேட்டில் 1930களிலிருந்து இயங்கும் கழகத்தின் பறப்புத் தரையில் இன்றும் செம்மறிகள் மேய்கின்றன. இங்கே மாடு மேயட்டும்.

எப்படி என்றால், பறப்பு நேரம் காலை பத்து முதல் மாலை நாலரை வரை. மாட்டுப்பட்டி அந்த நேரத்துக்குக் களத்துக்கு வெளியே இருக்க வேண்டும், காலையிலும் மாலையிலும் உள்ளே மேயலாம். பறப்பில்லாத நாளில் முழுதும் மேயலாம். அப்படி ஓட்டிக் காக்கும் ஆளுக்கு நாட்கூலி கழகத்தின் செலவில். மாரியில் மட்டும் ஒரு மாற்றம் வேண்டும்: நனைந்த தரையில் மாட்டுக் குளம்பு பதித்த குழி கோடையில் கல்லாக இறுகும். அதில் சில்லு விழுந்து எழும்போது விமானத்தின் வால்பக்க உடல் உடையக்கூடும். ஆகவே ஐப்பசி முதல் தை வரை நடுவே 30 மீற்றர் அகலத்தில் ஒரு பட்டையை மட்டும் தற்காலிகக் கம்பியால் மறிக்க வேண்டும். அது ஒன்பது ஏக்கரும் வராது. மிச்ச முப்பத்தைந்து ஏக்கரும் மாட்டுக்கே.

நிறுத்திவைத்த கிளைடருக்கும் மாட்டுக்கும் ஆகாது. துணி போர்த்திய பழைய கிளைடரின் வர்ணப்பூச்சை மாடு நக்கும், உடம்பில் முதுகு தேய்க்கும். இறக்கையின் பின்விளிம்பு அதைத் தாங்காது. மின்கலத்தில் இயங்கும் ஒற்றைக் கம்பி வேலியை விமானத்தைச் சுற்றி மட்டும் கட்டினால் போதும். யானை வரும் பக்கமானால் கொட்டகையில் நெல்லோ உப்போ சாப்பாட்டுப் பண்டமோ ஒருபோதும் வைக்கக் கூடாது. யானைப் பாதையின் குறுக்கே களத்தை வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வின்ச்சுக்கு வருவோம். இழுவை விமானம் வாங்க வேண்டாம். அதற்கு எரிபொருள், இயந்திரப் பராமரிப்பு, இன்னொரு விமானி என்று செலவு ஏறிக்கொண்டே போகும், சத்தமும் ஊருக்குத் தொல்லை. 250 குதிரைவலு அளவிலான லொறி இயந்திரம் ஒன்றும், உருளைகள் இரண்டும், ஓட்டுநர் இழுத்தவுடன் கம்பி வெட்டும் கத்தியும், ஓட்டுநரைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டும் கொண்ட வின்ச் போதும். லொறி இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் செங்கலடியிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கிறார்கள், அதுவே அதன் பெரிய வசதி. கம்பி வெட்டும் கத்தியை ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் உண்மையான கம்பித் துண்டொன்றை வெட்டிப் பரிசோதிக்க வேண்டும். கிளைடரின் கொக்கி விடாமல் போனால் விமானியின் உயிருக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

கம்பிக்கு 4 அல்லது 5 மில்லிமீற்றர் முறுக்கிய உருக்குக் கம்பியையே முதலில் எடுக்கச் சொல்வோம். செயற்கை நார்க் கயிறு இலேசு, உயரமும் கூடத் தரும். ஆனால் பரல் மண்ணில் இழுபட்டால் நார் நாராகப் பிரியும், எங்கள் வெயிலும் அதைத் தின்னும். புல் நன்றாகப் பிடித்த பிறகு மாறலாம். கம்பியைத் திரும்ப இழுத்து வர இரண்டு சில்லு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் மெதுவானது, ஒரு பிக்கப் வேண்டும். இழுப்பவர் சடுதியாக நிறுத்தினால் உருளை தொடர்ந்து சுற்றிக் கம்பி குலைந்து சிக்கும். அந்தச் சிக்கை எடுக்க ஒரு மணி நேரம் போகும். உருளைக்குச் சிறிது பிரேக் கொடுத்துக்கொண்டே இழுப்பது அதைத் தடுக்கும்.

கம்பிக்கும் கிளைடருக்கும் நடுவில் அறுந்துகொடுக்கும் இணைப்புத் தகடு ஒன்று உண்டு. விமானம் தாங்குவதற்கு மேல் இழுபட்டால் தகடு முதலில் அறும், இறக்கை தப்பும். நிறத்தால் பிரித்திருக்கிறார்கள்: கறுப்பு 1000 டெக்காநியூட்டன், அதாவது சுமார் ஒரு தொன் இழுவை; கபிலம் 850; சிவப்பு 750; நீலம் 600; வெள்ளை 500. எந்த விமானத்துக்கு எது என்று அதன் கைநூல் சொல்லும். தகடு தீர்ந்துபோன நாளில் அதன் இடத்தில் ஒரு போல்ட்டை மாட்டி இழுக்கும் ஆசை வரும். அந்த ஒரு போல்ட்டுக்காகக் களத்தையே மூட வேண்டும் என்று விதி எழுதுங்கள், நாங்கள் ஆதரிப்போம்.

ஏவும் ஒழுங்கு இது. விமானி இருக்கைப் பட்டி, கட்டுப்பாடுகள், மானிகள், ட்ரிம், கண்ணாடி மூடி, ஏர்பிரேக் பூட்டு எல்லாம் கையால் தொட்டுப் பார்க்கிறார். காற்று எப்படி, கம்பி அறுந்தால் எங்கே இறங்குவது என்று வாயால் சொல்கிறார். அதன் பிறகுதான் கம்பியை மாட்டுவது. இறக்கை பிடிப்பவர் மேலே, பின்னே, சுற்றிலும் பார்த்துவிட்டு இறக்கையைச் சமன் செய்கிறார். கம்பியின் தொய்வு மெதுவாக எடுக்கப்படுகிறது, அது இறுகியதும் முழு இழுவைக்குச் சைகை. தரையை விட்டதும் மூக்கை ஒரேயடியாக உயர்த்தக் கூடாது, வேகமும் உயரமும் சேரச் சேரப் படிப்படியாக. கம்பி அறுந்தால் முதலில் மூக்கைத் தாழ்த்து, வேகம் திரும்பும் வரை வேறெதுவும் செய்யாதே, கொக்கியை இரண்டு முறை இழு, முன்னே இடமிருந்தால் நேரே இறங்கு. பூட்டாத ஏர்பிரேக் ஏவும்போது உறிஞ்சி வெளியே எழுந்துவிடும். விமானி ஏன் உயரம் வரவில்லை என்று யோசித்துக்கொண்டே இருப்பார். பூட்டைக் கையால் தொட்டுப் பார்ப்பது இதற்காக.

வெயிலும் கணக்கில் வர வேண்டும். 36 பாகையில் கடல்மட்டக் காற்று, தரப்படுத்திய காற்றில் ஏறத்தாழ 750 மீற்றர் உயரத்தில் இருக்கும் அளவுக்கு ஐதாகிவிடுகிறது. வேகமானி காட்டுவதை விட உண்மை வேகம் நூற்றுக்கு 4 அளவில் கூடும், தரையில் ஓடும் தூரமும் கூடும். கச்சான் பலமாக வீசும்போது தரைக்குக் கிட்டக் காற்று சட்டென்று குறையும். இறங்கும் வேகத்தோடு காற்று வேகத்தில் பாதியைக் கூட்ட வேண்டும்: 30 கிலோமீற்றர் காற்றுக்கு 15. பங்குனி, சித்திரையில் பிற்பகல் இடிமுகில் கட்டும். ஆயிரம் மீற்றர் உருக்குக் கம்பி வானில் நீண்டு நிற்கிறது என்பதை நினைத்து, முதல் இடிச் சத்தத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

விமானம் வாங்குவதில் அவசரப்பட வேண்டாம். இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் ஒன்றும், பிறகு ஒற்றை இருக்கை ஒன்றும் போதும். ஜேர்மனியின் ஷ்லைகர் நிறுவனத்தின் ஏ.எஸ்.கே. 21, 1979இல் முதன்முதலாகப் பறந்தது. 17 மீற்றர் இறக்கை, 34க்கு ஒன்று என்ற சறுக்கு விகிதம், புதியவரின் பிழையைப் பொறுக்கும் இயல்பு. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய பிளானிக் எல்-13 வாங்குவதற்கு யாராவது விலைமனு போட்டால் அதன் இறக்கைச் சட்டத்தின் உலோகக் களைப்புச் சான்றிதழைக் கேளுங்கள். 2010 ஜூனில் ஒஸ்ரியாவில் அவ்வகை விமானமொன்றின் இறக்கை வானில் முறிந்து, அதன் பிறகு அந்த வகை முழுதும் தரையில் நிறுத்தப்பட்டது. சான்றிதழ் இல்லாத இலவசம் வேண்டாம்.

கண்ணாடி நார் விமானங்கள் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் சூடு. அவற்றின் பசைப்பொருள் 54 பாகை வரைக்கே பரிசோதிக்கப்பட்டது, வேறு நிறம் அடித்தால் வெயிலில் அதைத் தாண்டிவிடும். அரசாங்கச் சின்னமோ விளம்பரமோ இறக்கையில் வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறோம். கண்ணாடி மூடியைத் திறந்து வெயிலில் விட்டால் அது வில்லைபோல ஒளியைக் குவித்து இருக்கைத் துணியையும் மானிப் பலகையையும் எரிக்கும். மூடி வெள்ளைத் துணி போர்த்த வேண்டும்.

கொட்டகைக்கு 20 மீற்றர் வாசலும் தகரக் கூரையும் போதும். கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றோட்டம் அவசியம். எங்கள் நாட்டில் கவனிக்க வேண்டிய பெரிய எதிரி குளவி. மூக்கிலோ வால் செட்டையிலோ உள்ள வேகமானித் துளைக்குள் ஒரு பகலிலேயே மண் கூடு கட்டிவிடும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஏவும்போது வேகமானி எழும்பாது, அல்லது பொய் சொல்லும். விமானம் நின்றவுடன் துளைக்குச் சிவப்பு நாடா தொங்கும் உறை போட வேண்டும், காலையில் உறையைக் கழற்றியவர் பெயரைப் புத்தகத்தில் எழுத வேண்டும். இறக்கை பூட்டும்போது கட்டுப்பாட்டுத் தண்டுகளின் குமிழ் மூட்டுகளுக்குப் பூட்டு ஊசி செருகியாயிற்றா என்று பூட்டாத இன்னொருவர் பார்க்க வேண்டும். பிறகு ஒருவர் சுக்கான் தகட்டைக் கையால் பிடித்திருக்க மற்றவர் உள்ளேயிருந்து கம்பை அசைத்துப் பார்க்க வேண்டும். தகடு அசைந்தது என்பது போதாது, பிடித்த கையில் பலம் தெரிய வேண்டும். வாவிக்கு மிக அண்மையில் கொட்டகை வைத்தால் உப்புக் காற்று கட்டுப்பாட்டுக் கம்பிகளை அரிக்கும், படுவான்கரையைக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விமான சேவை அதிகாரிகளிடம் நாலு கேட்புகள். மட்டக்களப்பு விமான நிலையமும் உகணையிலுள்ள விமானப்படைத் தளமும் பாவிக்கும் வான்பரப்புக்கு வெளியே, களத்தைச் சுற்றி 5 கிலோமீற்றர் ஆரையும் 5000 அடி உயரமும் கொண்ட பகுதியைப் பறப்பு நாட்களில் மட்டும் திறந்து மூடும் ஒழுங்கு தாருங்கள். காலையில் ஓர் அழைப்பு, மாலையில் ஓர் அழைப்பு, நடுவில் வானொலி கேட்டபடி இருப்பது. விமான வரைபடத்தில் வின்ச் கம்பிக்கான எச்சரிக்கைக் குறி போடுங்கள். கிளைடர் விமானி அனுமதிப்பத்திரத்தைச் சர்வதேச நியமத்தின்படியே வையுங்கள்: 16 வயது, இரண்டாம் தர மருத்துவச் சான்று, 6 மணிநேரப் பறப்பு, அதில் 2 மணிநேரம் தனியாக, அந்தத் தனிப்பறப்பில் 20 ஏவுதலும் இறக்கமும். இயந்திர விமானத்துக்குரிய மணிக்கணக்கைக் கிளைடர்காரரிடம் கேட்டால் வின்ச்சில் ஏறி இறங்கும் ஒரு கிராமத்துப் பிள்ளையால் அதை எட்ட முடியாது. எழுத்துப் பரீட்சையைத் தமிழிலும் சிங்களத்திலும் நடத்துங்கள்.

களத்துக்குத் திரும்ப முடியாமல் போகும் கிளைடர் வயலில் இறங்கும். அது விபத்து அல்ல, இந்தப் பறப்பின் வழமையான ஒரு பகுதி. வேளாண்மை வெட்டிய வயலில், வரம்புக்குச் சமாந்தரமாக, நீளமான துண்டைப் பார்த்து இறங்க வேண்டும். குறுக்கே போனால் ஓரடி உயர வரம்பே சில்லையும் அடிவயிற்றையும் உடைத்துவிடும். பயிர் நிற்கும் வயலில் இறங்கினால் அந்த வயலைப் பார்க்கும் முல்லைக்காரருக்கு நட்டஈடு அன்றே எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் அளவைக் கமநல சேவை நிலையமும் கமக்காரர் அமைப்பும் முன்கூட்டியே தீர்மானித்து வைக்கட்டும். ஆட்கள் பார்க்க ஓடிவருவார்கள், விமானம் மிதித்ததை விட அவர்கள் மிதித்தது அதிகமாக இருக்கும். அதையும் நட்டஈட்டில் சேர்க்க வேண்டும்.

நாங்கள் இப்போது கேட்பது காசு அல்ல. வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி, செங்கலடிப் பிரதேசங்களிலும், அம்பாறையில் சம்மாந்துறைக்கும் உகணைக்கும் இடைப்பட்ட மானாவாரிப் பக்கத்திலும், மேலே சொன்ன அளவுக்கும் திசைக்கும் பொருந்தும் அரச நிலத் துண்டுகளின் வரைபடத்தை மின்கம்பிக் கோடுகளோடு சேர்த்து வெளியிடுங்கள். அவற்றில் இரண்டு, மூன்று இடங்களில் அடுத்த கோடை முழுதும் ஒரு காற்றுப்பையும் வெப்பமானியும் ஈரப்பதமானியும் வைத்து, காலை எட்டு, நண்பகல், மூன்று மணி என்று நாளுக்கு மூன்று முறை எழுத அனுமதி கொடுங்கள். எழுதும் ஆட்களை நாங்கள் தருகிறோம். நில அளவையாளர் சங்கிலியோடு போவதற்கு முன், புரட்டாதியில் பட்டிகள் வயலை விட்டு மேய்ச்சல் தரைக்கு நகரும் நாட்களுக்கு முன், அந்தந்த ஊர்ப் பட்டிக்காரர்களையும் வயல் வட்டைகளுக்குப் பொறுப்பான வட்டவிதானைமாரையும் பிரதேச செயலகத்துக்கு அழைத்துக் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் துண்டை வரைபடத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
படுவான்கரையிலும் அம்பாறையிலுமிருந்து,
கிளைடர் பறப்பில் அக்கறையுள்ளோர்